அண்ணன் உருட்டிய தகடு

இறக்கை மூன்றாவது முறையாக விரிசல் விட்டதும் செதுக்குக்காரி சுத்தியலைக் கீழே போட்டாள். எஃகுப் பெட்டி மூடியில் ஒரு தங்கக் கொக்கைப் பதிக்க வேண்டும். உடலும் காலும் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டன. இறக்கைதான் காய்ந்த ரொட்டியின் ஓரம்போல் உதிர்ந்துகொண்டே இருந்தது. சுத்தத் தங்கம் வெண்ணெயாகப் பள்ளத்தில் இறங்குமே தவிர இப்படி உதிராது.

தகடு அவளுடைய சொந்த அண்ணன் உருட்டியது. நகைக்குத் தகடு தர ஆயிரம் பேர் உண்டு. எஃகில் பதிக்கிற அளவுக்கு மாசில்லாமல், மெத்தென்று, சீரான கனத்தில் தர அவரை விட்டால் ஆளில்லை. அவள் வேறு யாரிடமும் வாங்கியதும் இல்லை.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு அதுவும் கிடையாது. உடைந்த துண்டைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு நேரே அண்ணன் பட்டறைக்குப் போனாள். அங்கே இரண்டு பட்டறைக்காரர்கள் தகடு வாங்கக் காத்திருந்தார்கள். இருந்தால் இருக்கட்டுமே என்று துண்டை மேசையில் வீசினாள்.

"கூடப் பொறந்தவளுக்கே கலப்படத் தகடா அண்ணே?"

அண்ணன் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூசையில ஏதாச்சும் ஒட்டியிருந்துச்சோ? பாத்துத்தானே உருக்கினேன்..."

"என்னத்தப் பாத்த? கண்ணு போயிடுச்சுன்னா ஒத்துக்க வேண்டியதுதானே!"

காத்திருந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் நகரத்தின் மறுகோடியில் ஒரு புதியவரிடம், சோதனைச் சான்றிதழோடு தகடு வாங்கி வந்தாள். அதிலும் காலுக்கு வெட்டியது நன்றாக இருந்தது. இறக்கை விரிசல் விட்டது. அதே இடம், அதே பொரபொரப்பு.

இரண்டு பேர் தகடும் இறக்கையில் மட்டும் எப்படிக் கெடும்? இறக்கைக்குத்தான் புடைப்பு வேண்டும். அதற்காகத் தகட்டை ஈயக்கட்டியின் மேல் வைத்துத் தட்டுவாள். பிறகு இளக நெருப்பில் காட்டுவாள். நடுவில் அரை நிமிட வேலை ஒன்று உண்டு: ஒட்டியிருக்கும் ஈயத்தை அமிலத்தில் முக்கி எடுப்பது. ஈயத் துகளோடு சூடு ஏறினால் எந்தத் தங்கமும் வீண்தான். இரண்டு வாரத்துக்கு முன் பட்டறையைப் பக்கத்து அறைக்கு மாற்றியிருந்தாள். அவளோடு ஈயக்கட்டி வந்தது. அமில ஜாடி பழைய அறை அலமாரியிலேயே தங்கிவிட்டது. கை வழக்கம்போல் வேலையை ஓட்டியது, ஒரு படியை விழுங்கிவிட்டு.

அவமானத்தில் காது சுட்டது. அண்ணனுடைய தகட்டில் மிச்சம் இருந்ததை எடுத்துத் தட்டி, அமிலத்தில் கழுவி, சூடு காட்டினாள். ஒரு கீறல் இல்லாமல் இறக்கை பிறந்தது. அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு ஓடினாள்.

வாசலில் அண்ணி நின்றாள். "வாம்மா. புது ஆளுகிட்டத் தகடு வாங்கியாச்சுன்னு ஊரே சொல்லுது. இன்னிக்கு என்ன குறை கண்டுபிடிச்சிருக்க?"

உள்ளே அண்ணன் உருட்டு எந்திரத்தின் உருளைகளுக்கு எண்ணெய் தடவித் துணி சுற்றிக்கொண்டிருந்தார். நாள்கணக்கில் ஓடாத எந்திரத்துக்குத்தான் அப்படிச் சுற்றுவார்கள்.

"என்கிட்ட வாங்குற பதினோரு பட்டறைக்கும் நானே போய்ச் சொல்லிட்டேன்," என்றார். "என் தகடு எதையும் பதிக்காதீங்க, திருப்பிக் குடுத்துடுங்கன்னு. வேற யாராவது சொல்லியிருந்தா சண்டைக்குப் போயிருப்பேன். நீயே சொன்னப்புறம் என்ன இருக்கு?"

"அண்ணே, தப்பு என்னோடது. ஈயத்தக் கழுவாம சூடு காட்டிட்டேன். உன் தகட்டுல ஒரு குறையும் இல்ல. இதோ பாரு, உன் தகடுதான், எப்படி வந்திருக்குன்னு."

அண்ணன் இறக்கையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணைச் சுருக்கி, விரலால் தடவி, வெகுநேரம் பார்த்தார்.

"சின்ன வயசுலயே எனக்காகப் பொய் சொல்லி அடி வாங்குனவதானே நீ," என்று அவள் தலையைத் தடவினார். "நல்ல தகடும்மா. இனிமே அந்தப் புது ஆளுகிட்டயே வாங்கு."