ஹார்லன் வீட்டுக் கதகதப்பு

குளிர்காலத்தில் எங்கள் ஊர்ப் புகைக்கு வெளியேற வழி கிடையாது. வடகோடிப் பனிநாட்டில், ஃபேர்பேங்ஸ் நகருக்குக் கிழக்கே, மூன்று பக்கமும் குன்று. காற்று அசையாத நாட்களில் ஒவ்வொரு வீட்டு விறகடுப்பின் புகையும் தரையோடு படுத்துக்கொண்டு எங்கள் மூக்குக்கே திரும்பி வரும். என் மனைவி வெர்னாவின் நுரையீரல் அப்படித்தான் பாழானது. அவள் சிகரெட்டைத் தொட்டவளே இல்லை. தொட்டிருந்தால் திட்டுவதற்காவது ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

டாக்டர் பயமுறுத்தியதும் அடுப்பு மாற்றும் திட்டத்தில் சேர்ந்தேன். பழைய விறகடுப்பை அதிகாரிகள் கண்ணெதிரே சம்மட்டியால் உடைக்க வேண்டும் என்பது நிபந்தனை. உடைத்தேன். பதிலுக்கு, மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளை எரிக்கும் புது அடுப்பு வந்தது. மின்சாரத்தில் ஓடும், புகை மிகக் குறைவு. என் வீட்டை நான் சுத்தமாக்கிவிட்டேன். ஊரை என்ன செய்வது?

ஊர் என்றால் முதலில் ஹார்லன். வெர்னாவின் அண்ணன். சாலைக்கு அந்தப் பக்கம் ஒற்றை அறை மரவீடு. பிர்ச் மரத்தை இலையுதிர் காலத்தில் வெட்டி, அந்தக் குளிருக்கே எரிப்பான். விறகு காய ஒரு கோடை முழுக்க வேண்டும். கோடை வந்தால் அவனுக்கு சால்மன் மீனைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. ஈரவிறகு சீறிக்கொண்டு எரியும். புகை நேரே எங்கள் ஜன்னலுக்கு வரும்.

"ஹார்லன், நீ விறகு எரிக்கிறியா, வேக வைக்கிறியா?" என்பேன்.

"நல்ல அடுப்ப உடைச்சவன்லாம் எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டான். போடா, உன் பொம்ம அடுப்பு அணைஞ்சுடப் போவுது, போய்ப் பாரு."

மறுநாள் மூஸ் மான் கறி ஒரு சட்டி கொண்டுவந்து வைப்பான். அவனை முழுசாக வெறுக்கவும் முடியாது.

போன செப்டம்பரில் தீயணைப்புக் கூடத்தில் கூட்டம் நடந்தது. குன்றின் மேல் காற்றாலை, பழைய கம்பங்களுக்குப் பதில் புதிய மின்கம்பி, வீடுகளைச் சூடாக்க மின்சாரம். இதற்கெல்லாம் ஊர்ப் பணத்தைப் போடலாமா என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டாக்டரம்மா, பள்ளிக்கு வராத பிள்ளைகளையும் வேலைக்குப் போக முடியாதவர்களையும் பற்றிச் சொன்னார். புகைக்கு நாம் ஏற்கெனவே விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்றார். எல்லோரும் டோனட் தின்றுகொண்டே கேட்டார்கள்.

ஹார்லன் எழுந்தான். "காத்து நின்னுபோச்சுன்னா என்னம்மா பண்றது? ஊதி விடுவீங்களா?"

கூடமே சிரித்தது. கை தூக்கி எண்ணியதில் திட்டம் தோற்றது.

வெளியே வந்ததும் வெர்னா அவன் கையைப் பிடித்தாள். "எனக்காகவாவது கையத் தூக்கியிருக்கலாம்ல?"

"உனக்காகத்தான்டி தூக்கல. கரண்ட் போனா நீ விறைச்சுப் போயிருவ."

ஜனவரியில் கரண்ட் போனது. மைனஸ் நாற்பத்தைந்து. பழைய கம்பம் ஒன்று சாய்ந்துவிட்டது என்றார்கள். மாற்றியிருக்க வேண்டிய கம்பம்தான், இனி யாரிடம் போய்ச் சொல்வது? அடுப்பு நின்றது. வெர்னா இப்போது மூச்சுக்கு நம்பியிருந்த ஆக்ஸிஜன் மெஷினும் நின்றது. கையில் இருந்தது அவசரத்துக்கான ஒரே ஆக்ஸிஜன் சிலிண்டர், அதை அவளுக்கு மாட்டினேன். இந்தக் குளிரில் எங்கள் வண்டியின் எஞ்சினைச் சூடாக வைக்கவும் கரண்ட்தான் வேண்டும். எஞ்சின் முனகக்கூட இல்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால், காத்திருக்கச் சொன்னார்கள். மதியத்துக்குள் சமையலறைக் குழாயில் தண்ணீர் உறைந்துவிட்டது. அவள் உதடு நீலம் பாரித்திருந்தது, குளிராலா மூச்சாலா என்று எனக்குத் தெரியவில்லை.

ஹார்லன் பனிச் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு வந்தான். கேலி ஒன்றும் இல்லை. தங்கையைக் கம்பளியில் சுற்றித் தூக்கி அதில் படுக்க வைத்தான்.

அவன் வீட்டு வாசலில் நான் நின்றுவிட்டேன். "சிலிண்டர நெருப்புக்கிட்ட கொண்டுபோகக் கூடாது. வெடிச்சாப்புல தீப்பிடிச்சுக்கும்."

"அப்ப அடுப்ப அணைச்சுரவா?"

அணைத்தால் மூன்று பேரும் விறைத்துப் போவோம். வெர்னாதான் தன் மூக்கிலிருந்த குழாயைக் கழற்றினாள். சிலிண்டரை வெளி முகப்பில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

உள்ளே கண் எரிந்தது. அடுப்பின் கதவிடுக்கில் புகை கசிந்தது. வெர்னா நாற்காலியில் குனிந்து உட்கார்ந்து இருமினாள். இரண்டு இருமலுக்கு நடுவே மூச்சைத் தேடினாள்.

"பாவம், இன்னும் குளிர் விடல" என்று சொல்லி ஹார்லன் ஒரு கட்டையைப் போட்டான். அது சீறியது. புகை பொங்கி வெளியே வந்தது. அவள் இன்னும் இருமினாள். அவன் இன்னொன்றை எடுத்தான்.

எனக்கு அவனை அடிக்க வேண்டும் போலவும், அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. "டேய் ஹார்லன், போதும்டா, அவளுக்குக் குளிரல, அது..." என்று ஆரம்பித்தேன்.

வெர்னா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். பேச்சு வர நேரமானது. முகத்தை நிமிர்த்தி அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள்.

"நல்லா கதகதப்பா இருக்கு ஹார்லன்."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. கையிலிருந்த கட்டையையும் உள்ளே போட்டான்.