வரிசையில் வந்த குண்டு

ஈஸ்டர் விடுமுறை வந்துவிட்டால் அந்த ஊரில் எல்லாருக்கும் ஒரே நாளில் வீட்டைக் கழுவிக் கவிழ்க்கும் வேகம் வந்துவிடும். பழைய கம்பளம், உடைந்த நாற்காலி, வெட்டிய புல் என்று காரில் திணித்துக்கொண்டு, குன்றின் மேலிருந்த மறுசுழற்சி மையத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். மையத்துக்கு ஏறும் சந்தின் இருபுறமும் ஆளுயரப் புதர்வேலி. இரண்டு கார் உரசிக்கொண்டு போகும் அளவே அகலம். மேலே போகிறவர்களுக்கும் கீழே இறங்குகிறவர்களுக்கும் அது ஒன்றுதான் வழி.

வாசலில் நின்று அந்த வரிசையை நகர்த்துவது கிளெனிஸ் ஹார்ட்னலின் வேலை. ஒரு கார் வெளியே வந்தால்தான் ஒரு கார் உள்ளே போகலாம். அந்த விடுமுறையில் ஒரு நாள் காலை பொறுமையிழந்த ஒரு வேன்காரன் வரிசையை முந்தப் பார்த்து, இறங்கி வந்த காரோடு மூக்கை முட்டிக்கொண்டு நின்றான். பின்னால் வந்தவர்களும் அவனை ஒட்டி ஏறிவிட்டார்கள். சந்து முழுதாக அடைத்துவிட்டது. குன்றின் அடியில் இருந்த ரவுண்டானா வரை ஹாரன் சத்தம்.

வரிசையைக் குறைக்க அவளிடம் ஒரு வழி இருந்தது. ஒன்றிரண்டு சாமான் மட்டும் கொண்டுவந்தவர்களிடம் வாசலிலேயே வாங்கி அவளே கொண்டுபோய்ப் போட்டுவிடுவாள். அது விதிக்கு விரோதம். யாரும் கண்டுகொள்வதில்லை.

வரிசையின் முன்னால் நின்ற சின்ன நீலக் காரில் செட்ரிக் லஸ்கோம் என்ற வயோதிகர் இருந்தார்.

"என்ன ஐயா கொண்டு வந்திருக்கீங்க?"

"ஒண்ணே ஒண்ணுதாம்மா. இரும்பு. வீட்டைக் காலி பண்ணிட்டு மக கிட்ட போறேன். இதெல்லாம் அங்க ஆகாதுன்னுட்டா."

முன்சீட்டில் போர்வை சுற்றிக் கிடந்ததை அவள் இரு கையாலும் தூக்கிக்கொண்டாள். கைக்குழந்தை கனம் இருந்தது. பழைய இரும்பைப் போடும் பெரிய தொட்டிக்குப் போகும் படிகளில் ஏறினாள். கீழே இரண்டு ஆள் ஆழத்தில் பழைய சைக்கிள்களும் அடுப்புகளும் கிடந்தன. போர்வையை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, வீசுவதற்காகக் கையை ஓங்கினாள்.

"கிளெனிஸ்." பக்கத்துத் தொட்டி அருகே நின்ற சக ஊழியன் ரஸ்ஸின் குரல் மிகத் தணிந்து வந்தது. "போடாத. அப்படியே நில்லு."

ரஸ் கேலிக்காரன். ஆனால் அவன் முகத்தில் ரத்தமே இல்லை. வாலிபத்தில் பட்டாளத்தில் இருந்தவன் அவன். அவள் குனிந்து கையில் இருந்ததைப் பார்த்தாள். கூம்பிய முனை. அடியில் செம்பு வளையம்.

"இது வெத்துக் கூடுதானே?"

"இல்ல. வெடிக்க வைக்கிற முனை கழட்டாம திருகினபடியே இருக்கு. பீரங்கிக் குண்டு. மெதுவா இறங்கி வா. நான் கூடவே வர்றேன்."

படிகள் அத்தனையும் எப்படி இறங்கினாள் என்று பிற்பாடு அவளுக்கு நினைவில்லை. புல் மூட்டைகளுக்கு நடுவே இருவரும் சேர்ந்து அதைக் கிடத்தினார்கள். ரஸ் போலீசுக்குப் போன் செய்தான்.

"எல்லாரையும் வெளியேத்தணும்னு சொல்றாங்க. இப்பவே," என்றான்.

உள்ளே இருந்தவர்களைக் கீழ் வயல் கதவு வழியாக நடக்க வைத்தான் அவன். சந்தில் நின்ற கார்களை எடுக்காமல் போலீஸ் வண்டியும் வெடிகுண்டு அகற்றும் ராணுவ ஆட்களும் மேலே வர வழியில்லை. லஸ்கோமையும் வயல் பக்கம் அனுப்பிவிட்டுக் கிளெனிஸ் கீழே ஓடினாள். வரிசையை வாலிலிருந்துதான் அவிழ்க்க முடியும். கடைசிக் காரிலிருந்து ஒவ்வொன்றாக ரிவர்ஸ் எடுக்க வைத்தாள். ஏன் எதற்கு என்று கேட்டவர்களிடம் குண்டு என்றாள். சிலர் வெளிறிப்போனார்கள்; எல்லாரும் நகர்ந்தார்கள்.

முந்த வந்த வேன்காரன் மட்டும் நகரவில்லை. கண்ணாடியைப் பாதி இறக்கி, "நல்லா கதை விடுற. மதியச் சாப்பாட்டுக்கு மூடணும்னா நேரா சொல்லேன்," என்றான்.

"அதை நான் கையில தூக்கிட்டுப் போனேன், தம்பி. தொட்டிக்குள்ள வீசப் போனேன்."

அவள் அதட்டவில்லை. வேனின் கதவைப் பிடித்திருந்த அவள் கை நடுங்கிய நடுக்கத்தில் கண்ணாடி கடகடவென்று ஆடியது. அவன் அந்தக் கையையே பார்த்தான். பிறகு ரிவர்ஸ் போட்டான்.

ராணுவத்தார் வந்தார்கள். குண்டைப் பின்புறக் காலி மேட்டுக்குக் கொண்டுபோய் மணல் மூட்டைகளால் மூடி, தூரத்திலிருந்து வெடிக்க வைக்க ஏற்பாடு செய்தார்கள். வெறும் கூடாகத்தான் இருக்கும் என்று ரவுண்டானா அருகே நின்ற கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். கிளெனிஸும் அதை நம்பத்தான் விரும்பினாள்.

அந்தச் சத்தம் காதில் விழும் முன்பே நெஞ்சில் விழுந்தது. ரவுண்டானா ஓரத்துப் பெட்ரோல் பங்கின் கண்ணாடிகள் அதிர்ந்தன. புதரிலிருந்த பறவைகள் மொத்தமாக எழும்பின. குன்றின் மேல் மண்ணும் புகையும் மரங்களைவிட உயரமாக நின்றன. அது வெறும் கூடு இல்லை.

வயல் வழியாக இறங்கி வந்திருந்த லஸ்கோம் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். கிளெனிஸ் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா சண்டையிலேருந்து கொண்டாந்தது. எங்க வீட்ல கதவுக்கு முட்டுக் குடுக்கிறது அதுதான்," என்றார். "கிறிஸ்துமஸுக்கு வால்நட் கொட்டை உடைக்கிறது அதாலதான். என் மக நாலு வயசுல அதுக்குத் தொப்பி போட்டுப் பொம்மைன்னு கட்டிப் பிடிச்சிட்டுத் தூங்குவா." சொல்லிவிட்டுத் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். "உன் கையில குடுத்தேனே. ஒண்ணுமே தெரியாம குடுத்தேனே, தாயி."

 "மகளுக்குப் போன் போடுங்க ஐயா," என்றாள்.

அவர் எண்ணை அழுத்தினார். மறுமுனையில் மகள் குரல் கேட்டது. அவர் வாயைத் திறந்து மூடினார்.  கிளெனிஸ் போனை வாங்கி, "உங்க அப்பா நல்லா இருக்காரும்மா. நீங்க கொஞ்சம் வாங்க," என்றாள். பிறகு ரவுண்டானாவுக்கு வழி சொன்னாள்.