பிரேக்கைக் கழற்றாத எஞ்சின்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தகடு வெட்டி, ஆணி அடித்து, தன் கையாலேயே செய்த ரயில் எஞ்சின் அது. பின்னால் பெட்டி கோத்து ஆள் உட்கார்ந்து போகிற அளவு. மோட்டார் மட்டும்தான் கடையில் வாங்கியது. அந்த மோட்டார்தான் அவர் காலை வாரிவிட்டது. மாதிரி ரயில் சங்கத்து மைதானத்தில் சரிவு ஏறும்போது மூச்சை விட்டு, அப்படியே பின்னால் உருண்டது. பெட்டியில் இருந்த மனைவி கவிழ்ந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள்.

அவள் சண்டை போட்டிருந்தால் தேவலை. "கோவமெல்லாம் இல்லங்க. ஆனா இனிமே நான் அதுல உக்கார மாட்டேன்," என்று சொல்லிவிட்டுக் கட்டுப்போட்ட கையோடு துணி மடிக்கப் போய்விட்டாள். அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. ஊரே கைதட்டினாலும், அவள் ஏறாத வண்டி அவருக்கு எதற்கு?

விஷயம் மனைவியின் தங்கை வீட்டுக்குப் போயிற்று. தங்கை புருஷன், அதாவது நம்மவரின் சகலை, மோட்டார் வைத்த சக்கர நாற்காலிகளைப் பழுது பார்ப்பவர். வாய் கொஞ்சம் நீளம். பழைய நாற்காலி ஒன்றின் இரண்டு மோட்டார்களைக் கொண்டுவந்து கொடுத்தார். நம்மவர் வேண்டா வெறுப்பாக வாங்கிக்கொண்டார்.

வயரை பேட்டரியில் கொடுத்தால் மோட்டார் உறுமியது, சுற்றவில்லை. கையால் திருப்பினாலும் அசையவில்லை. அவருக்கு வந்ததே கோபம். போனை எடுத்தார்.

"ஓடாத மோட்டார என் தலையில கட்டிட்டீங்களே சகலை. கேலி பண்ண வேற ஆள் கிடைக்கலையா?"

சகலை வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்து நின்றார். மோட்டாரின் பின்பக்கம் புடைத்திருந்த டப்பாவில் ஒரு சின்ன லீவரைத் தட்டினார். கையால் திருப்பியதும் மோட்டாரின் தண்டு வழுக்கிக்கொண்டு சுற்றியது.

"இது பிரேக் சகலை. கரண்ட் வந்தா, இல்ல இந்த லீவரத் தட்டினாதான் விடும். கரண்ட் போனா கப்புனு பிடிச்சுக்கும். நாற்காலில இருக்கறவங்க மேட்டுல நின்னா உருளக் கூடாதுல்ல. அதுக்குத் தனி வயர் இருக்கு, நீங்க அத விட்டுட்டீங்க."

நம்மவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "நான் பேசினது தப்பு," என்றார்.

"அது கிடக்கட்டும். இந்த டப்பா உங்க எஞ்சினுக்குள்ள அடங்காது. நிறைய பேரு இதக் கழட்டிப் போட்டுட்டுத்தான் மாட்டுவாங்க. கழட்டிரவா?"

நம்மவர் வைத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் விரல் அகலம் துருத்தியது. கழற்றினால் கச்சிதம். இல்லையென்றால் பக்கத் தகடுகளை அறுக்க வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு, வரிசை பிசகாமல் ஆணி அடித்த தகடுகள். அடுத்த அறையில் மனைவி ஒற்றைக் கையால் ஏதோ டப்பா மூடியைத் திறக்கப் போராடிக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம். ரம்பத்த எடுங்க," என்றார்.

அறுக்கும்போது அவர் கண் கலங்கியதைச் சகலை பார்க்காத மாதிரி இருந்தார். அந்த வாய்க்கு அது பெரிய விஷயம்.

புடைப்பை மூடத் தகட்டில் பெட்டி கட்டினார்கள். எஞ்சினுக்குப் பொன்னுக்கு வீங்கியா என்று சங்கத்தில் கேட்டார்கள். கேட்கட்டுமே. சிமெண்ட் மூட்டைகளை ஏற்றிச் சரிவில் நிறுத்திப் பார்த்தாயிற்று, உருளவில்லை. ஆனால் சிமெண்ட் மூட்டைக்கு மணிக்கட்டு கிடையாதே.

ஞாயிற்றுக்கிழமை மனைவி வேடிக்கை பார்க்க வந்தாள். கையில் கட்டுப் பிரித்திருந்தது. அவளைக் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. சகலைதான் பெட்டியில் உட்காரப் போனார்.

"நீங்க நகருங்க. விழுந்தது நான்தானே," என்று சொல்லி அவள் கணவனுக்குப் பின்னால் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சரிவில் பாதி ஏறியதும், "அன்னிக்கு இந்த இடம்தானே?" என்றாள்.

"ஆமா."

"கைய எடுங்க."

கையை எடுத்தால் கரண்ட் நின்றுவிடும். விசையை விட்டுக் கை வரவில்லை.

"எடுங்கங்க. தங்கச்சி வீட்டுக்காரர் பிரேக் பத்திச் சொன்னப்ப நானும் அடுத்த ரூம்ல கேட்டுட்டுதான் இருந்தேன்."

எடுத்தார். டக்கென்று ஒரு சத்தம். தோளில் அவள் நகம் பதிந்தது. எஞ்சின் நின்றது, பெட்டியும் நின்றது. சற்றுப் பொறுத்து அவள் பிடி தளர்ந்தது.

"சரி, மேல போங்க. அங்க என்ன இருக்குன்னு பாக்கணும். அன்னிக்கு நான் பாதியிலயே இறங்கிட்டேன்."