நாலு போடு

தமிழில் பனிக்கு ஒரே சொல்தான். மார்கழிக் காலையில் பசுமலை அடிவாரத்துப் புல்லில் நிற்பதும் பனி, நான் படித்த மொழிபெயர்ப்பு நாவல்களில் குதிரை வண்டிகளை மூடுவதும் பனி. எட்டாவது படிக்கும்போது, ஒருவன் பனியில் இடுப்பளவு புதைந்து செத்துப்போவதை ஒரு நாவலில் வாசித்துவிட்டு, எங்கள் வாசலில் இருக்கும் பனியில் எப்படிப் புதைய முடியும் என்று இரண்டு நாள் யோசித்தேன். அந்த இன்னொரு பனியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றுதான் இந்தப் படிப்பில் சேர்ந்தேன். நேர்முகத் தேர்வில் வேறு காரணம் சொன்னேன்.

பசுமலையில் எங்கள் கல்லூரி நடத்தும் மூன்றாண்டு இளங்கலைப் படிப்பு இது. முதல் ஆண்டு தலைமைப் பண்புப் பயிற்சி. இரண்டாம் ஆண்டு கள ஆய்வு. ஆய்வு நன்றாக அமைந்தவர்களுக்கு மூன்றாம் ஆண்டில் ஒரு குளிர்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம். வகுப்பில் பன்னிரண்டு பேர் இருந்தோம். நான்கு பேர்தான் போக முடியும். மிஷன் பள்ளியில் எழுத்தராக இருக்கும் என் அப்பா தனிஸ்லாஸுக்கு அந்தக் கணக்கெல்லாம் மனதில் நிற்கவில்லை. எனக்கு இடம் கிடைத்த வாரமே, ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தவர்களிடமெல்லாம் ஜாய்ஸ் பாரின் போகப்போகிறாள் என்று சொல்லிவிட்டார்.

முதல் ஆண்டு முகாமில் பயிற்சியாளர் ஒருவர், எல்லோரும் தயங்கும் இடத்தில் முடிவெடுப்பவரே தலைவர் என்றார். நான் அதை நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டு வைத்தேன்.

கள ஆய்வில் நானும் பத்ரியும் ஒரு குழு. அவன் திருப்பரங்குன்றத்துப் பட்டர் வீட்டுப் பையன். குழுவுக்குத் தலைவி நான். அன்றிலிருந்து அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, லீடரம்மா என்றுதான் கூப்பிட்டான்.

திருப்பரங்குன்றம் பக்கம் கண்மாய்க் கரையில் இருந்த நாற்பத்திரண்டு குடும்பங்களை, காளவாசலையும் தாண்டி மேற்கே வெகுதூரத்தில், கருவேலம் மண்டிய பொட்டலில் கட்டிய அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றியிருந்தார்கள். புது இடம் அவர்களுக்கு எப்படி இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். படிவம் குளிர்நாட்டிலிருந்து ஆங்கிலத்தில் வந்திருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து கட்டங்கள். ஒன்று என்றால் துளியும் திருப்தி இல்லை, ஐந்து என்றால் முழுத் திருப்தி. நடுவில் மூன்று என்பது இரண்டும் இல்லை. மூன்று அதிகமாக விழுந்தால் ஆய்வு உப்புச்சப்பில்லாமல் போய்விடும் என்று எங்கள் ஒருங்கிணைப்பாளர் வெங்கட்ரமணன் சார் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்.

முதல் வீடு மூன்றாவது மாடியில் சோணையம்மாளுடையது. கோயில் வாசலில் பூக்கட்டி விற்பவர். நாங்கள் போனபோது தண்ணீர்க் குடத்தோடு படியேறி வந்து, வாசலில் இறக்கி வைத்து, மூச்சு வாங்கினார். புது வீடு எப்படியக்கா இருக்கிறது என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் வந்த படிகளைப் பார்த்தார்.

“பரவாயில்ல பாப்பா. இருக்கோம்ல.”

பத்ரியின் பேனா படிவத்தின் மேல் நின்றது. படியிறங்கும்போது மெதுவாகக் கேட்டான்.

“லீடரம்மா, பரவாயில்லன்னா மூணா, நாலா?”

அவர் சொன்னபடியே ஓரத்தில் எழுதிவிடலாமா என்றும் கேட்டான். படிவத்தில் ஓரமே இல்லை. ஒரு சொல்லை இன்னொரு மொழியின் கட்டத்துக்குள் வைக்கும்போது அதிலிருந்து எதுவோ வெளியே விழுந்துவிடும் என்பது, இத்தனை நாவல் படித்தவளுக்குத் தெரியாததில்லை. அவர் குரல் என் காதில் அப்போதும் இருந்தது. இருந்தும் எனக்கு நோட்டில் போட்ட இரண்டு கோடுதான் ஞாபகம் வந்தது.

“நாலு போடு.”

அடுத்தடுத்த வீடுகளிலும் அதே சொல்தான் வந்தது. ஐந்தாவது வீட்டுக்குப் பிறகு பத்ரி கேட்பதை விட்டுவிட்டான். முப்பத்தொரு பேர் பரவாயில்லை என்றார்கள். நான்கு பேர் மட்டும் நன்றாக இருக்கிறது என்றார்கள். எண்பத்து மூன்று சதவீதம் பேர் புது இடத்தில் திருப்தியாக இருக்கிறார்கள் என்று எங்கள் அறிக்கை சொன்னது. சார் அதை வகுப்பில் சத்தமாக வாசித்துக் காட்டினார். நானும் பத்ரியும் இறுதிப் பட்டியலில் வந்தோம். இனி வெளிநாட்டுப் பேராசிரியருடன் காணொளிப் பேச்சு மட்டும்தான் பாக்கி.

அதற்கு முந்தின வாரம், அறிக்கையின் அட்டைக்கு ஒரு படம் வேண்டும் என்று கேட்டு மின்னஞ்சல் வந்தது. சோணையம்மாளைப் படம் எடுத்து, ஒப்புதல் கையெழுத்து வாங்க நான் மட்டும் காளவாசலில் பஸ் மாறிப் போனேன். மதியம் பன்னிரண்டு மணி. அவர் வீட்டில் இருக்கமாட்டார், அவருடைய மகள் முத்துமீனாவிடம் எப்போது வருவார் என்று கேட்கலாம் என்றால் அவள் பள்ளிக்கூடம் போயிருப்பாள் என்று நினைத்தபடியேதான் படியேறினேன். இரண்டு பேருமே வீட்டில் இருந்தார்கள்.

வேன் நின்றுபோய் இரண்டு மாதம் ஆகிவிட்டதாம். காலை ஆறு மணிக்கு வந்து பூக்காரர்களையும் வீட்டு வேலைக்குப் போகிறவர்களையும் பிள்ளைகளையும் திருப்பரங்குன்றத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவரும் வேன் அது. ஓர் அறக்கட்டளை விட்டிருந்தது. இப்போது இருப்பது எட்டரை மணி டவுன் பஸ்தான். அதில் போனால் கோயில் வாசலில் இவர் உட்கார்ந்திருந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். பிளஸ் ஒன் படித்த முத்துமீனா தினமும் தாமதமாகப் போய் வெளியில் நின்று, போன மாதத்தோடு படிப்பை விட்டுவிட்டாள். பக்கத்தில் ஊதுபத்தி உருட்டப் போகிறாள். அன்றைக்கு அங்கே லீவு.

ஏன் வேனை நிறுத்தினார்கள் என்று கேட்டேன்.

முத்துமீனா சொன்னாள். “இங்க எல்லாரும் நல்லா செட்டில் ஆயிட்டாங்களாம்க்கா. எவனோ வந்து எழுதிட்டுப் போயிருக்கான். வேன் டிரைவர் அண்ணே சொன்னாரு.”

அறக்கட்டளைக்கு உதவி வந்தது எந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து என்று எனக்குத் தெரியும். படிவத்தின் தலையிலேயே அறக்கட்டளையின் சின்னத்தோடு அந்தக் குளிர்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் சின்னமும் இருந்தது. என் கையில் இருந்த ஒப்புதல் தாளின் தலையிலும் இருந்தது. நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு சோணையம்மாளிடம் சொன்னேன்.

“எவனோ இல்லக்கா, நாந்தான். நான்தான் தப்பா எழுதிட்டேன்.”

சோணையம்மாள் கோபப்படுவார் என்று நின்றேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நீ சின்னப் புள்ள, உனக்கு என்ன தெரியும் என்றார். வாசல் வரை வந்த முத்துமீனாதான், எழுதச் சொன்னவர்களிடம் உங்களால் பேச முடியுமா என்று கேட்டாள். அடுத்த புதன்கிழமை அங்கிருக்கும் பேராசிரியரிடம் பேசப்போகிறேன், கட்டாயம் சொல்கிறேன் என்றேன். அவள் என் எண்ணை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் வெங்கட்ரமணன் சாரிடம் போய், நாலையெல்லாம் இரண்டாக மாற்ற வேண்டும் என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். திட்டவில்லை. தரவு தவறு என்று எழுதிக் கொடுத்தால் அறிக்கை திரும்பப் பெறப்படும், நானும் பத்ரியும் பட்டியலில் இருக்கமாட்டோம், அடுத்த வருடம் இந்தக் கல்லூரிக்குப் படிவமே வராமல் போகலாம் என்றார். நீதான் குழுத் தலைவி, முடிவு உன்னுடையது என்றார்.

பத்ரி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னேன். அவன் சிரித்தான்.

“அன்னைக்கே மூணான்னு கேட்டேன்ல. இப்ப வந்து ரெண்டுங்கிற.”

கொஞ்ச தூரம் நடந்த பிறகு, என்னவோ செய், ஆனா எனக்கு முன்னாடியே சொல்லிரு, எங்கப்பா பாஸ்போர்ட் எல்லாம் எடுத்து வச்சிருக்காரு என்றான். அன்றுதான் முதன்முறையாக லீடரம்மா என்று சொல்லாமல் பேசினான்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் எழுதி மனப்பாடம் செய்தேன். ஏழு வாக்கியங்கள்.

புதன்கிழமை திரையில் வந்த பேராசிரியருக்கு வெள்ளைத் தலை. நல்ல மாதிரியாகச் சிரித்தார். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய சன்னல். அதற்கு வெளியே மரங்களும் தரையும் வேலியும் எல்லாம் வெள்ளையாக இருந்தன. சன்னலில் எதுவோ மெதுவாக விழுந்துகொண்டே இருந்தது. பஞ்சு மாதிரி இருக்கும் என்று படித்திருந்தேன். அது பஞ்சு மாதிரி இல்லை, வேறெது மாதிரியும் இல்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஆய்வைப் பாராட்டினார். பிறகு உண்மையான ஆவலோடு ஒன்று கேட்டார். படிவத்தில் நாலு என்று இருக்கிறது, ஆனால் அந்த மக்கள் உங்கள் மொழியில் என்ன சொன்னார்கள், அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும் என்றார்.

ஏழு வாக்கியங்களுக்கும் இதைவிட நல்ல வாசல் கிடைக்காது. பத்ரி மேசையில் கையை வைத்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பரவாயில்லை என்று சொன்னேன். அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பரவா, இல்லை. அழகாக இருக்கிறது என்றார். அதற்கு என்ன பொருள் என்று கேட்டார்.

சன்னலில் பனி விழுந்துகொண்டிருந்தது.

நன்றாக இருக்கிறோம் என்று பொருள் என்றேன்.

அவர் அதைக் குறித்துக்கொண்டார். தான் எழுதும் கட்டுரைக்கு அந்தச் சொல்லையே தலைப்பாக வைக்கலாம் என்றார். என் பெயரும் அதில் வரும் என்றார். எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வெங்கட்ரமணன் சார் மெல்லக் கை தட்டினார்.

போகும் நான்கு பேரின் பட்டியல் வெள்ளிக்கிழமை வந்தது. நானும் பத்ரியும் அதில் இருந்தோம். அம்மா எனக்குக் கம்பளிச் சட்டை வாங்கக் கூட்டிப்போனாள். காளவாசலில் கடைக்கண்ணாடி முன் அதைப் போட்டுப் பார்த்து வியர்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. முத்துமீனா.

அவளுக்குப் பின்னால் பெண்கள் பேசும் சத்தம் கேட்டது. வேலைக்கு நடுவில் வெளியே வந்து பேசுகிறாள் போல.

“அக்கா, புதன்கிழமை பேசுறேன்னீங்கள்ல. வேன் விஷயம் சொன்னீங்களா?”

“சொன்னேன். பாக்குறேன்னு சொல்லியிருக்காங்க.”

யாரோ அவளைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

“பரவாயில்லக்கா” என்றாள்.

அம்மா பின்னாலிருந்து என் தோளைத் திருப்பி, கை நீளம் சரியாக இருக்கிறதா என்று கேட்டாள்.