பேட்டரித் தண்ணி

ராகேல் டீச்சர் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் பூப்போல விரிந்திருந்த அனிமோன் என்ற கடலுயிர் சுருங்கிச் செத்துப்போனதற்கு நான் பொய் சொல்ல வேண்டுமாம். டீச்சர் கடைக்கு வந்துகொண்டிருக்கிறார். தீனி கூடிப்போய் அழுகிவிட்டது என்று சொல்லிவிடு, எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்த பிள்ளை சொன்னால் நம்புவார் என்றார் ஜான்ரோஸ் அண்ணாச்சி. இந்த வண்ணமீன் கடையில் என்னை எதற்கு வேலைக்கு வைத்தார் என்று அப்போதுதான் விளங்கியது.

அனிமோன் செத்தது உப்பு குறைந்து. அண்ணாச்சி சவூதியிலிருந்து கொண்டுவந்த கைமீட்டர் ஒன்று இருக்கிறது. அதன் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால் நீலமும் வெள்ளையும் பிரிகிற கோடு உப்பின் அளவைச் சொல்லும். சுத்தமான தண்ணீர் விட்டு, கோட்டைப் பூஜ்யத்துக்குத் திருகி வைத்த பிறகுதான் எதையும் அளக்க வேண்டும். அண்ணாச்சியோ முட்டம் கடற்கரையிலிருந்து கேனில் வரும் கடல்நீரை விட்டு முப்பத்தைந்தில் திருகி வைத்திருந்தார். கடல் என்றால் முப்பத்தைந்துதானே என்பது அவர் கணக்கு. ஆனி மழையில், ஆறு கடலில் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் மொண்ட, உப்பு குறைந்த தண்ணீர் அது. அதைத்தான் டீச்சரின் தொட்டியிலும் அண்ணாச்சி நிரப்பினார்; அதே மீட்டரால் அளந்து சரி என்றார். ஊரில் அவர் வைத்துக்கொடுத்த தொட்டிகள் எல்லாமே இப்படி அளந்தவைதான்.

இதை முன்பே அண்ணாச்சியிடம் சொல்லிப் பார்த்தேன்.

"கடலுக்கே அளவு சொல்லுதியா? குலசேகரத்துல பால் வெட்டுதவளுக்க மோளுக்குக் கடலப் பத்தி என்னட்டி தெரியும்?"

மீன் வாங்க வந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

கடலைப் பற்றி எப்படியோ, அளவைப் பற்றித் தெரியும். ரப்பர் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று மிதவை விட்டுத்தான் அளந்து பார்ப்பார்கள். லீவு நாளில் அம்மாவோடு வாளி சுமந்து போவேன். வியாபாரி நுரையைக்கூட ஒதுக்காமல் மிதவையை இறக்கிவிட்டு, வெள்ளம் சேர்த்தாயா என்று கேட்பான். ஒரு சொட்டும் சேர்க்காத அம்மா தலையைக் குனிந்து நிற்பாள். எனக்கு அந்தக் கழுத்து வாய்க்கவில்லை.

எதிரிலிருந்த பேட்டரிக் கடையில் ஒரு கேன் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி வந்தேன். பேட்டரிக்கு ஊற்றுவது, உப்பே கிடையாது. ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். பூஜ்யத்தில் நிற்க வேண்டிய கோடு ஐந்தில் நின்றது. எதை அளந்தாலும் மீட்டர் ஐந்து கூட்டிக் காட்டுகிறது.

அண்ணாச்சியிடம் நீட்டினேன். பார்த்தார். மீட்டரைக் கண்ணிலிருந்து எடுக்க அவருக்கு நேரம் பிடித்தது. பிறகு மேசை டிராயரைத் திறந்து, கோட்டைத் திருகும் குட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். மீட்டரைப் பிடுங்கிக்கொண்டேன்.

"கொண்டா இஞ்ச. கடை எனக்கதாக்கும்."

"கடை உங்களுக்கதுதான் அண்ணாச்சி. வாய் எனக்கதாக்கும்."

டீச்சரிடம் காட்டினால் நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம் என்றார், தணிந்த குரலில். இந்தச் சம்பளத்தை நம்பித்தான் அம்மா முட்டுவலிக்கு வைத்தியம் பார்க்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

டீச்சர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். உப்பே இல்லாத பேட்டரித் தண்ணீர் என்று சொல்லி ஒரு சொட்டு விட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொல்லி மீட்டரைக் கையில் கொடுத்தேன். வாசல் வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணில் வைத்தார்.

"ஒரு கோடு தெரியுது மக்கா. அஞ்சுல நிக்கி. எங்க நிக்கணும்?"

"பூஜ்யத்துல, டீச்சர்," என்றேன், கடை முழுக்கக் கேட்கும்படி.

டீச்சர் கண்ணை எடுக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரைப் பிடித்த அண்ணாச்சியின் கை மேசைக்கு மேல் அப்படியே நின்றது. சாத்தி வைத்த குடையிலிருந்து மழைத்தண்ணீர் வடிந்து, அடுக்கி வைத்த முட்டத்துக் கேன்களுக்கு அடியில் மெல்லப் போய்க்கொண்டிருந்தது.