பெயர் மறைத்த நீர்க்கடன்

மாசித் திங்களின் முற்பகல். இரவு பெய்த பனி புல்நுனிகளில் மட்டும் எஞ்சி நிற்க, பனைவரிசைக்கு மேலே ஏறிவிட்ட கதிரவன், வடக்கே காங்கேசன்துறைக் கடற்கரை தொடங்கித் தெற்கே வழுக்கியாற்று வெளி வரை பரந்து கிடந்த வலிகாமத்து நிலத்தை ஒரே பார்வையில் அளந்துகொண்டிருந்தான். அந்நிலத்தின் நடுவே சண்டிலிப்பாய் என்னும் ஊரில், வெங்காயப் பாத்திகள் ஒருபுறம் பச்சைப்பாய் விரித்தாற்போல் கிடக்க, இடுப்பளவு வளர்ந்த புகையிலைக் கன்றுகள் யானைக் காதொத்த இலைகளை அசைத்தபடி மறுபுறம் நிற்க, நீரிறைக்கும் பொறிகளின் ஓசை கிணறுதோறும் எழுந்து, ஊர் முழுவதும் ஒரே உயிராய் மூச்செறிந்துகொண்டிருந்தது. அறிவுசான்ற வாசகரே, இத்துணை அழகும் முதியவர் ஒருவரின் கண்ணில் அன்று முள்ளாய்த் தைத்தது. அவருடைய தோட்டத்துக்கு எதிரே, ஒழுங்கை என்னும் சிறுதெருவின் ஓரத்துப் பூவரச நிழலில், சிறு முக்காலி இட்டு அமர்ந்து, வெள்ளைக்காரன் ஒருவன் அத்தோட்டத்தை வரைந்துகொண்டிருந்தான். அவன் அங்கு வந்து அமர்ந்து அன்றோடு பன்னிரண்டு நாள்.

முதியவர் பெயர் ஆழ்வாப்பிள்ளை. எண்பத்தேழு அகவையிலும் ஊன்றுகோல் தொடாதவர். கோயில் திருவிழாவில் முதல் வெற்றிலை மரியாதை பெறும் குடியில் தோன்றியவர். பிறர் வீட்டு வேலிப் படலையை அழையாமல் திறந்தவரல்லர். வெள்ளைக்காரன் பெயர் லெனாட்; நோர்வே நாட்டு ஓவியன்; அகவை அறுபத்தாறு. இவன் ஆழ்வாப்பிள்ளையின் ஒரே மகள் உதயகலாவின் கணவன் என்பதை ஊரார் அறிவர்; ஆழ்வாப்பிள்ளையும் அறிவார். ஆயினும் அவர் கணக்கில் உதயகலா இறந்து முப்பத்தோராண்டு கழிந்திருந்தது.

அது நிகழ்ந்த வகை இது. போர்க்காலத்தில் இருபது அகவையில் கடல்கடந்த மகள், ஐந்தாண்டின் பின் ஓர் ஐப்பசியில், பிறநாட்டான் ஒருவனை மணந்துகொண்டதாக மடல் எழுதினாள். மடலைப் படித்து முடித்த தந்தை நேரே கிணற்றடிக்குச் சென்று தலைமுழுகினார். மறுநாள் தருப்பையால் ஓர் உருச்செய்து, அதற்கு மகளின் பெயரிட்டு எரியூட்டினார். முப்பத்தோராம் நாள் கீரிமலைக் கடற்கரையில் அந்தியேட்டி என்னும் நீத்தார்கடனை நிகழ்த்தி, இறந்தவர் நினைவாய் அச்சிட்டு வழங்கும் கல்வெட்டு என்னும் சிறுநூலையும் மகளின் படத்தோடு ஊரெங்கும் வழங்கினார். அவள் அயல்நாட்டில் இறந்தாளென்றே ஊரார் நம்பினர். கனிந்த பழத்தைக் கையிலேந்தியவாறே மரம் பட்டுப்போயிற்றென்று அறிவிப்பவரைப் போல், உயிரோடிருந்தவளுக்கு ஆண்டுதோறும் திதி கொடுத்தும் வந்தார். அவர் மனைவி தங்கமுத்து, அழுகையைச் சேலைத் தலைப்பில் அடக்கி, அத்திதிக்கு ஆண்டுதோறும் சமைத்துப் படைத்தாள்.

இனி லெனாட்டின் வாழ்வைச் சிறிது கூறுவோம். நோர்வேயின் நடுநாட்டுப் பள்ளத்தாக்கு ஒன்றில், புல் விளைவித்து ஆடுமாடு பேணும் உழவர் குடியில் மூன்றாம் மகனாய்ப் பிறந்தவன் அவன். அந்நாட்டு வழக்கின்படி பண்ணை தலைமகனுக்கே உரியதாகையால், தமையன் உழுத நிலத்தை இவன் வரைந்தான். பனிமூடிய களஞ்சியங்களையும், உழுதசாலில் உறைந்த நீரையும், பிர்ச்சு மரங்களின் வெண்ணிறத்தையும் வரைந்து, அவை விலைபோகாமையால் அரைவயிற்றோடு இளமையைக் கழித்தான். ஒரு வேனிற்காலத்தில், கடற்கரையூர் ஒன்றில், கம்பிகளில் புல்லைத் தொங்கவிட்டு உலர்த்தும் வேலி ஒன்றை அவன் வரைந்துகொண்டிருக்க, மீன் பதனிடும் ஆலையில் வேலை முடித்து வந்த கரிய பெண்ணொருத்தி பின்னால் நின்று பார்த்து, எங்கள் ஊரிலும் புகையிலையை இவ்வாறே தொங்கவிடுவார்கள் என்று அந்நாட்டு மொழியில் திக்கித் திக்கிச் சொன்னாள். அன்று தொடங்கிய பேச்சு மணத்தில் முடிந்தது. அதன்பின் அவன் தன் பள்ளத்தாக்கை வரையவில்லை. அவள் சொல்லச் சொல்ல, தான் காணாத சண்டிலிப்பாய்த் தோட்டத்தையே வரைந்தான். மண்ணுக்குச் சிவப்புப் போதாது என்பாள், இன்னும் சேர்ப்பான். கிணற்றுக்கட்டு இத்துணை உயரமன்று என்பாள், அழித்து எழுதுவான். காணாத நிலத்தை வரைபவனென்று அந்நாட்டார் நகைத்தனர். படங்கள் தமையனின் களஞ்சியத்தில் அடுக்கடுக்காய்த் தூசு படிந்தன. போர் முடிந்தபின், வரலாமா என்று கேட்டு அவள் தந்தைக்கு எழுதிய மடல் பிரிக்கப்படாமலே திரும்பிற்று. சென்ற கார்த்திகையில் அவளும் நோயுற்று மறைந்தாள். தன் சாம்பலைத் தந்தையின் கையாலேயே கீரிமலைக் கடலில் விடவேண்டும் என்பது அவளுடைய கடைசி வேண்டுகோள்.

சாம்பற் கலயத்தை மார்போடணைத்து அவன் முதன்முதல் வந்து நின்ற நாளில், ஆழ்வாப்பிள்ளை படலையைத் திறக்கவில்லை.

"மாமா, நான் கலாவின்ரை புருசன். அப்பா கையாலை கடலிலை விடவேணுமெண்டு கேட்டவ. அதுதான் கொண்டு வந்தனான்," என்றான் அவன், மனைவியிடம் கற்ற தமிழில்.

"ஆரடா உனக்கு மாமா? என்ரை மகள் செத்து முப்பத்தொரு வருசம். கல்வெட்டு இருக்கு, வாசிச்சுப் பார். ஒரு ஆளுக்கு ரண்டுதரம் அந்தியேட்டி செய்ய இஞ்சை ஆருக்கும் விசர் பிடிக்கேல்லை."

அவன் திரும்பி, எதிர்வீட்டு மார்க்கண்டுவின் புறவறையில், கலயத்தைப் பெட்டியில் வைத்து, அதில் இருப்பதை எவருக்கும் உரையாமல் தங்கினான். மறுநாள் முதல் பூவரச நிழலில் முக்காலி இட்டு அமர்ந்தான். மார்க்கண்டுவோ வாய்த்துடுக்கு உடையவர், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அண்ணை, உங்கடை மருமோன் எங்கடை பெடியளிலும் பாக்க வடிவாத் தமிழ் கதைக்கிறார்!" என்பார். "உனக்கு மருமோனெண்டால் நீயே சோறு போடு," என்று ஆழ்வாப்பிள்ளை சீறுவார். "போட்டுக்கொண்டுதானே இருக்கிறன். கத்தரிக்காய்க் குழம்பெண்டால் மனிசனுக்கு உசிர்!"

பன்னிரண்டாம் நாளாகிய அன்று, சினம் உந்தியோ வேறெது உந்தியோ அறியோம், ஆழ்வாப்பிள்ளை படலையைத் திறந்து வெளியே வந்தார். ஓவியனின் பின்னால் நின்று படத்தை நோக்கினார். அது தம் தோட்டமேயாயினும் இன்றைய தோட்டமன்று. வெட்டுண்ட பலாமரம் அதில் நின்றது. புகையிலை பதனிட்ட, இடிந்துபோன சாணைக் கொட்டில் அதில் நிமிர்ந்து நின்றது. குற்றம் காண்பதற்கு ஏதேனும் வேண்டுமே என்று தேடிய அவர் கண்ணில், கிணற்றருகே ஒரு வரிசைப் புகையிலை வெளிறிய செந்நிறப் பூக்களோடு நிற்பது பட்டது.

"பொயிலையைப் பூக்க விடுறவன் ஒரு கமக்காரனோ? நுனியை முறிச்சால்தான் இலை கனக்கும். அதுகூடத் தெரியாமல் உனக்கென்ன படம்?"

லெனாட் தூரிகையைத் தாழ்த்தினான். "கலா சொன்னவ, மாமா. கிணத்தடி வரியை மட்டும் நீங்கள் விதைக்கெண்டு விடுறனீங்களாம். தண்ணி அள்ளப் போகேக்கை அந்தப் பூவிலை ஒண்டைப் பிடுங்கித் தலையிலை வைச்சவவாம். நீங்கள் கண்டிட்டு, விதை போச்செண்டு பேசினனீங்களாம்."

அந்தப் பூவும், அதைச் சூடிய பத்து அகவைச் சிறுமியும், அவளை ஏசியபின் தாமே மறைவில் சிரித்ததும், நாற்பத்தைந்து ஆண்டுகளைக் கிழித்துக்கொண்டு முதியவர்முன் வந்து நின்றன. வீடு திரும்பினார். அங்கே தங்கமுத்து, வாழ்நாளில் ஒருமுறையும் அவர் பேச்சை மீறாதவள், அடுக்களை வாயிலில் நின்று நேருக்கு நேராய்ச் சொன்னாள்:

"உயிரோடை இருந்த பிள்ளைக்கு முப்பத்தொருதரம் படைச்சனான். உங்கடை மானத்துக்காகத்தான் படைச்சனான். இப்ப அவள் உண்மையாச் செத்திட்டாள். நாளைக்குப் போங்கோ. பேரைச் சொல்லி விட்டிட்டு வாங்கோ. இல்லாட்டி இந்த அடுப்பை இனி ஆர் மூட்டுறாரெண்டு பாப்பம்."

மறுநாட்காலை ஆழ்வாப்பிள்ளை வேட்டியுடுத்து, திருநீறணிந்து, முச்சில்லு வண்டியொன்றில் லெனாட்டின் அருகே அமர்ந்தார். கலயம் லெனாட்டின் மடியில் இருந்தது. வண்டி மாவிட்டபுரத்தைக் கடந்தது. பின் முதியவர் சாலையை நோக்கியபடியே கேட்டார்:

"கடைசியிலை நோ இருந்ததோ?"

"ஓம். கொஞ்ச நாள்."

"ஆர் பாத்தது?"

"நான்தான்."

"ம்."

அந்த ஒரு 'ம்' என்னும் ஒலியில் அவருடைய முப்பத்தோராண்டுப் பிடிவாதமும் ஒரு பக்கத்தால் இளகிச் சரிந்ததென்றே நாம் கருதுகிறோம். பெயரைச் சொல்லிவிடுவதென்று அவர் அப்போது துணிந்துமிருந்தார். பூரட்டாதி என்னும் அவள் பிறந்த விண்மீனையும் மனத்துள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கீரிமலைக் கடல் அன்று நீலப்பட்டை உதறி விரித்தாற்போல் கிடந்தது. அப்பால், ஓய்ந்துபோன சீமெந்து ஆலையின் புகைபோக்கிகள் வானை வெறித்து நின்றன. கரையிலே குருக்கள் முன் இவர்கள் அமர, லெனாட் கலயத்தைத் திறந்து, ஒரு பிடி சாம்பலை முதியவரின் விரித்த வலக்கையில் இட்டான். மகளைப் பிறந்த நாளில் ஏந்திய கை அது. அக்கணத்தில் பின்புறம் ஆரவாரம் எழுந்தது. தன் மைத்துனியின் முப்பத்தோராம் நாள் கடனுக்காக மார்க்கண்டு, சண்டிலிப்பாய் ஆடவர் பதின்மரோடு அப்போதுதான் வந்திறங்கினார்.

"அட, அண்ணையும் இஞ்சை! இது ஆற்றை காரியமண்ணை?"

குருக்களும் அதே வேளையில் கேட்டார்: "ஆருக்கு ஐயா? பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லுங்கோ."

பதின்மரின் வீடுகளிலும் அந்தக் கல்வெட்டு இருந்தது. பாட்டன், முப்பாட்டன் பெயர்களின் கீழே, உதயகலா இறந்தாளென்று அவரே அச்சிட்ட பொய் அங்கெல்லாம் பெட்டிகளில் உறங்கிற்று. இன்று பெயரைச் சொன்னால், தெய்வத்தின் முன்னும் ஊரின் முன்னும் தாம் பொய்யர். சொல்லாவிட்டாலோ, கையில் இருப்பது மகள். இரண்டுக்கும் நடுவே அவர் நா ஒரு நொடி தத்தளித்தது. முப்பத்தோராண்டுப் பழக்கமே வென்றது.

"பேர் தெரியாது ஐயா. ஆரோ ஒரு அனாதைப் பிள்ளை. புண்ணியத்துக்குச் செய்யிறன்."

குருக்கள் இத்தகையவற்றுக்குப் பழகியவராகையால் மந்திரத்தில் பெயரில்லாத இடத்தைப் பெயரில்லாமலே கடந்தார். ஆழ்வாப்பிள்ளை முழந்தாளளவு நீரில் இறங்கி, கையை அலையின்மேல் கவிழ்த்தார். சாம்பல் நீரில் விரிந்து, வெண்மையாகி, இல்லாதாயிற்று. எஞ்சியதையும் அவ்வாறே விட்டார். அனாதை என்ற சொல்லின் பொருள் லெனாட்டுக்கு நன்றாகத் தெரியும். வெறுங்கலயத்தைக் கழுவித் துடைத்து, முதியவர் கரையேறும் வரை நின்று, அவன் சொன்னான்:

"ஐயா, உங்கடை கையாலை விட்டனீங்கள். அவ கேட்டது அவ்வளவுதான். மிச்சத்தை அவ கேக்கேல்லை."

அவ்வளவே. அன்று பிற்பகலே அவன் கொழும்புக்குப் புறப்பட்டான். தன் பள்ளத்தாக்கை அடைந்தபின் அவன் தூரிகையைத் தொடவில்லையென்று, அந்நாட்டிலிருந்து வந்த ஒருவர் சொல்லக் கேட்டோம். கண்ட நிலத்தை வரைய அவனுக்கு மனமில்லை. காணாத நிலத்தைச் சொல்ல அவளில்லை.

ஆழ்வாப்பிள்ளை வீடடைந்தபோது தங்கமுத்து படலையைப் பிடித்தபடி நின்றாள். அவர் முகத்தை நோக்கவில்லை. நனைந்த வேட்டியை நோக்கினாள்.

"பேர் சொல்லித்தானே விட்டனீங்கள்?"

"ஓம்," என்றார் அவர். "சொன்னனான்."

அவ்வொரு சொல்லை நம்பிய தாய், முப்பத்தோராண்டு சேலைத் தலைப்பில் அடக்கிய அழுகையனைத்தையும் அவ்விடத்திலேயே அவிழ்த்துவிட்டாள். "என்ரை கலா! நான் பெத்த செல்வமே! ஆற்றை வீட்டுப் பனியிலை கிடந்து போனியோ? உன்னைச் சாக முன்னம் சாகக் கொடுத்தேனே! இண்டைக்கெண்டாலும் அப்பா உன்னைக் கூப்பிட்டாரோ!" என்று தலையிலடித்து அவள் எழுப்பிய ஒப்பாரி, வேலிகளைத் தாண்டி, இறைக்கும் பொறிகளின் ஓசையைத் தாண்டி, ஒழுங்கை முழுவதும் பரந்தது. அயற்பெண்டிர் ஓடி வந்து அவளைக் கட்டியழுதனர். எந்தப் பெயரைப் பதின்மர் கேளாதிருக்கவென்று அவர் கடலோரத்தில் விழுங்கினாரோ, அந்தப் பெயரை இப்போது ஊர் முழுவதும் கேட்டது. கீரிமலையினின்று மீண்ட மார்க்கண்டு, படலைக்கு வெளியே நின்று, கேலி முழுதும் வற்றிய குரலில், "அண்ணை... அப்ப அங்கை விட்டது...?" என்று தொடங்கி, முடியாமல் தலைகுனிந்தார்.

குடியின் மானத்தைக் காப்பது பெரியது. அதனைப் பழிப்பவர் எம்முள் இல்லை. ஆயினும், பெயர் சொல்லி அழுவதற்கு ஒருவரும் இல்லாதவரையே அனாதை என்கிறோம். அச்சொல்லை மகள்மேல் இட்டவர், அவளோடு தம்மையும் அச்சொல்லுக்கு உரியவராக்கிக்கொள்கிறார் என்பதை யார் அவருக்குச் சொல்வது? துயர் கேட்க வந்தோர் ஒவ்வொருவராய் நீட்டிய கைகளைப் பற்றவும் மாட்டாமல், விலக்கவும் மாட்டாமல், கடலுப்பு உலர்ந்த வலக்கையை மடியில் மலர்த்தி வைத்து, ஆழ்வாப்பிள்ளை முதுகு வளையாமல் அமர்ந்திருந்தார். அழுவதற்கு உரிமை அன்று காலை வரை அவருக்கு இருந்தது.