பதினேழு வீட்டு விளக்குகள்

காலை ஆறு மணியிலிருந்து மாலக்கி வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்த நடையை நீட்டிப் போட்டால், அயர்லாந்தின் மேற்குக் கரையான மேயோவிலிருந்து டப்ளினுக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். தபால் வண்டி ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர். முப்பத்தெட்டு வருடம் ஓட்டியபோதுகூட இவ்வளவு தூரம் அலைந்ததில்லை. நாலடி போனால் வானத்தைப் பார்ப்பது, திரும்பி வந்தால் கைப்பேசியில் வானிலை பார்ப்பது. ஐந்து செயலிகள் ஐந்து விதமாகச் சொல்லின. ஒன்று மழை என்றது, இன்னொன்று பனி என்றது, மூன்றாவது போர்ச்சுகலைக் காட்டிக்கொண்டிருந்தது.

அலைச்சலுக்குக் காரணம் ஒரு செம்மறிக்கடா. அட்ராக்டாவின் மதுக்கடையில், கணப்புக்கு மேலே, பக்கத்துப் பண்ணை ஜார்லத்தின் பரிசுக் கடாவின் படம் ஒன்பது வருடமாகத் தொங்குகிறது. மாலக்கி எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அது அவரையே பார்க்கும். அவருக்கு அது சிரிப்பதாகவும் தோன்றும். கடைசியில் அட்ராக்டாவே சலித்துப்போய், ஈஸ்டருக்குள் அதைவிட நல்ல படம் கொண்டுவந்தால் மாட்டுகிறேன், இல்லையென்றால் இனி என் கடையில் அந்தப் பேச்சே கூடாது என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டாள்.

மாலக்கி நினைத்திருந்த படம் வேறு எவனாலும் எடுக்க முடியாதது. வளைகுடா மணலில் பழைய மீன்பிடிப் படகு ஒன்றின் விலா எலும்புகள் புதைந்து கிடக்கின்றன. கடல் நன்றாக வடிந்தால்தான் வெளியே தெரியும். அவற்றுக்கு நேர் மேலே வேட்டைக்காரன் விண்மீன்கூட்டம் நிற்க வேண்டும், நிலா இருக்கக் கூடாது. இந்த மார்ச் அமாவாசையை விட்டால் அடுத்த அமாவாசைக்கு வேட்டைக்காரன் இருட்டும்போதே கடலில் இறங்க ஆரம்பித்திருப்பான். மூன்று வருடமாக இதே நாளில் மேகம்.

லென்ஸை ஏழு தடவை துடைத்தார். முக்காலியை விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார். கேமராவின் பின்னால் மினுக்கும் பொட்டு விளக்கின் மேல் கறுப்பு நாடா ஒட்டினார். அதே வேகத்தில் ரொட்டி சுடும் கருவியின் விளக்கிலும் ஒட்டிவிட்டார். சீட்டாட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி நோரீன் அதைப் பார்த்தாள்.

"வானம் எங்கயும் ஓடிடாது மாலக்கி. நீதான் காலைல இருந்து ஓடிக்கிட்டிருக்க" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனாள்.

உண்மையான தலைவலி கேமரா அல்ல, விளக்குகள். வளைகுடாவைச் சுற்றிப் பதினேழு வீடுகள். இருபது விநாடி திறந்திருக்கும் லென்ஸுக்குள் ஒரு வாசல் விளக்கு போதும், வானம் வெளுத்துப்போக. எனவே மதியம் முழுக்க வீடு வீடாகப் போய், ஒன்பதரையிலிருந்து பத்தரை வரை விளக்கை அணைத்து வைக்கச் சொல்லிக் கெஞ்சினார். ஒவ்வொரு வீட்டிலும் தேநீர் குடிக்காமல் விடமாட்டார்கள். மாலைக்குள் அவர் நடந்தால் வயிற்றுக்குள் அலை அடிக்கும் சத்தம் கேட்டது.

கடைசியாக ஜார்லத். ஆடுகள் குட்டி போடும் காலம். கொட்டகை உச்சியில் அவர் போட்டிருந்த விளக்கு ஐஸ்லாந்துக்கே தெரியும். ஜார்லத் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"என் கடாவைச் சுவத்துல இருந்து இறக்கறதுக்கு நானே விளக்கை அணைச்சுக் கொடுக்கணும். அப்படித்தானே?"

"ஆமா" என்றார் மாலக்கி. வேறென்ன சொல்ல?

ஜார்லத் யோசித்தார். "ஒரு மணி நேரம். நடுவுல ஏதாவது ஆடு குட்டி போட்டா விளக்கைப் போட்டுருவேன். உன் நட்சத்திரம் வந்து குட்டியை இழுக்காது."

ஒன்பது மணிக்கு மாலக்கி மணலில் முக்காலியை ஊன்றி நின்றார். கடல் பின்வாங்கி, படகின் எலும்புகள் ஒவ்வொன்றாக எழுந்தன. வேட்டைக்காரன் கச்சிதமாக மேலே நின்றான். மேற்கில் மட்டும் ஒரு மேகம் கம்பளிப் போர்வை மாதிரி தலைகாட்டியது. ஒன்பதரைக்குக் கரையோர விளக்குகள் அணைய ஆரம்பித்தன. எண்ணினார். பதினைந்தாவது அணைந்தது. ஜார்லத்தின் கொட்டகையும் அணைந்தது. வளைகுடாவே மூச்சை அடக்கியது போலிருந்தது.

ஒன்றே ஒன்று மிச்சம், தேவாலயத் திருவிழா போல எரிந்துகொண்டிருந்தது. ஈர மணலில் அதன் ஒளி நீளமாக விழுந்து, படகின் எலும்புகள் மீதே படிந்தது. எந்த அறிவுகெட்டவன் என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவருடைய வீடு. அடுப்படி ஜன்னல். மேஜைக்கடியில் பேட்டரி தேடும்போது போட்ட விளக்கு. ஊரெல்லாம் போய்க் கெஞ்சியவர் தன் வீட்டில் மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஓடிப்போய் அணைத்துவிட்டு வர முக்கால் மணி நேரம் ஆகும். மேகத்துக்கு அரை மணி போதும். இரண்டு அடி ஓடினார், திரும்பி வந்தார், மறுபடி ஓடினார். மணலில் அவர் போட்ட சுவடுகளைப் பார்த்தால் ஒரு பட்டாளமே அங்கே சண்டை போட்டதாக நினைப்பார்கள்.

சட்டென்று அந்த விளக்கும் அணைந்தது.

இருட்டு விழுந்த வேகத்தில் நட்சத்திரங்கள் ஒரு முழம் கீழே இறங்கின. மாலக்கி கேமராவின் பொத்தானை அழுத்தினார். இருபது விநாடி அவர் மூச்சே விடவில்லை. திரையில் படகு எலும்புகளும், அவற்றின் மேல் வேட்டைக்காரனும், ஒரு கறையும் இல்லாமல் தெரிந்தன. மேகம் வேட்டைக்காரனின் காலை மறைப்பதற்குள் மேலும் எட்டு எடுத்தார். அப்போதுதான் பையில் கைப்பேசி அதிர்ந்தது. அழைத்த எண் அவர் வீட்டு எண்.

"கதவுலயே சாவி தொங்குச்சு, உள்ள வந்துட்டேன்" என்றார் ஜார்லத். "என் கொட்டகையை இருட்டாக்கிட்டு உன் வீட்ல தீபாலங்காரமா? நாளைக்குப் படம் சொதப்பிருச்சு, விளக்குதான் காரணம்னு நீ சொல்லக்கூடாது. என் கடா ஜெயிச்சா ஒழுங்கா ஜெயிக்கணும்."

மாலக்கிக்கு நன்றி சொல்லத்தான் தோன்றியது. ஆனால் அதைச் சொன்னால் ஜார்லத் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்.

"படம் அருமையா விழுந்துருச்சு" என்றார். "கடாவுக்கு உன் வீட்டுச் சுவத்துல ஒரு ஆணி அடிச்சு வை."